பக்கெட் யார் கொண்டு வருவது

மே 27

அன்புள்ள அறைத்தோழிக்கு,

வணக்கம். விடுதி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த தாள் உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். முப்பத்தேழாம் எண் அறையில் ஜன்னல் ஓரக் கட்டில் உங்களுக்கு, கதவு ஓரக் கட்டில் எனக்கு என்று போட்டிருக்கிறார்கள். கதவு ஓரக் கட்டில் எழுதுகிறேன்.

தாளின் பின்பக்கத்தில் 'கொண்டுவர வேண்டியவை' என்று பதினொரு வரிகள் இருக்கின்றன. ஏழாவது வரி, 'அறைக்குப் பொதுவான பொருள்களை அறைத்தோழிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளவும்' என்கிறது. அதன் கீழே உங்கள் முகவரி. எனக்கு நேரில் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போகும் முதல் ஆள் நான். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா துணி கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து படுக்கிற குடும்பம். ஒரே ஒரு தடவை, மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பாவின் காலில் ஜாக்கி சரிந்து இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். துணைக்கு அத்தை போய்த் தங்கினார். ஆகவே வெளியில் தங்குவதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசும் தகுதி அத்தை ஒருவருக்குத்தான் உண்டு.

"நீ தள்ளு, பெட்டி அடுக்குறது உனக்கு என்ன தெரியும்?" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். இதுவரை உள்ளே போயிருப்பவை: ஃபிளாஸ்க், தட்டு, ஸ்பூன், தெர்மாமீட்டர், ரப்பர் ஷீட்.

"ரப்பர் ஷீட் எதுக்கு அத்தை?"

"அது யாரோ படுத்த கட்டில்தானே? என்ன சீக்கோ என்னமோ."

ஷீட் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் சரியாகத் தெரியாது அல்லவா?

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அறையில் அலமாரி எவ்வளவு பெரியது? தலையணை கொடுப்பார்களா? துணி எங்கே காய வைப்பது? சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அவர்களுடையதா, நம்முடையதா? இடம் குறித்துக் கொடுப்பார்களா, நாமே பார்த்து உட்கார வேண்டுமா? பக்கெட் யார் கொண்டு வருவது?

நிறையக் கேட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கதவு ஓரக் கட்டில்

*

ஜூன் 4

அன்புள்ள கதவு ஓரக் கட்டிலுக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு. 'எனக்கும் சரியாகத் தெரியாது அல்லவா' என்பதையும் சேர்த்துத்தான்.

ரப்பர் ஷீட் வேண்டாம். மெத்தை புதியது, மேலே பிளாஸ்டிக் உறையே இன்னும் கிழிக்கப்படவில்லை. தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஃபிளாஸ்க் கண்டிப்பாக வேண்டும், மாலையில் வெந்நீர் ஒரே ஒரு தடவைதான் கொடுப்பார்கள். உங்கள் அத்தைக்கு என் வணக்கம்.

தலையணை கொடுக்க மாட்டார்கள். அலமாரி ஆளுக்கு ஒன்று, இடுப்பு உயரம். உங்களுடையதன் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும், இழுத்தால் வராது. ஜன்னலின் இடது கொக்கி நிற்காது. காற்றடித்தால் படார் படாரென்று அடிக்கும். மடித்துச் செருக ஒரு தடித்த அட்டை கொண்டு வாருங்கள். கயிறு பத்தடி என்றால் எட்டாது, பன்னிரண்டு அடி வேண்டும். கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. துண்டுக்கு அவை போதும்.

காலையில் ஏழரைக்கு மேல் குழாயில் தண்ணீர் நூலாகிவிடும். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்துவிட வேண்டும். அறைக்கு ஒரு பக்கெட் போதும், இரண்டு வைக்க இடம் கிடையாது.

இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பக்கெட், மக், கண்ணாடி நான். கயிறு, துடைப்பம், கதவுக்குப் பூட்டு நீங்கள். பூட்டுக்கு இரண்டு சாவி இருக்க வேண்டும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். என் அக்கா அங்கேதான் படித்தாள்.

இப்படிக்கு,
ஜன்னல் ஓரக் கட்டில்

*

ஜூன் 9

அன்புள்ள ஜன்னல் கட்டிலுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரப்பர் ஷீட் வேண்டாம் என்ற இடத்தில் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வணக்கம் என்ற இடத்தில் திரும்பிப் பார்த்தார். "விவரமான பொண்ணு. அது சொல்றபடி செய்," என்று உத்தரவாகிவிட்டது.

கயிறு வாங்கியாகிவிட்டது. அப்பா டிப்போவிலிருந்து அளவு டேப் கொண்டுவந்து, பன்னிரண்டடிக்கு மேல் முடிச்சுக்கு ஒரு அடி சேர்த்து வெட்டினார். பூட்டுக்கு மூன்று சாவி. மூன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்கிறார் அப்பா. எதற்கென்று கேட்டால், "சும்மா, இருக்கட்டும்" என்கிறார். பஸ்ஸில் எட்டு மணி நேர தூரத்திலிருந்து எப்படித் திறக்கப் போகிறாரோ!

இன்னொரு சிக்கல். அப்பா ஒரு பாயைச் சுருட்டிக் கட்டி என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அங்கே கட்டில் இருக்கிறது என்றேன். "கட்டில் உனக்கு. பாய் துணைக்கு இருக்கிற ஆளுக்கு," என்றார். துணைக்கு யார் என்றால், நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஆஸ்பத்திரியில் அத்தை அப்படித்தானே கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார்! விடுதியில் அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே வந்து தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் கடிதத் தாளில் பூச்சி உருண்டை வாசனை வந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நாள் பூட்டி வெச்ச பெட்டியில இருந்த தாள்," என்றார். துணி வாசனையை வைத்தே அது எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர் அவர்.

உங்கள் அக்கா எந்த வருடம் படித்தார்? என்ன பாடம்? இன்னொன்று, சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. விட்டுப்போயிருக்கும். எனக்கு உண்மையில் அதுதான் பெரிய பயம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவிடுவேன், பக்கத்துத் தெருதான். வெளி ஆட்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

இப்படிக்கு,
கதவுக் கட்டில்

*

ஜூன் 15

அன்புள்ள கேள்விக்காரிக்கு,

அக்கா படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. தாவரவியல். இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். போதுமா?

பாய் வரட்டும். வார்டன் நல்லவர், ஆனால் சிரிக்கத் தெரியாதவர். அப்பாவை முன்கூட்டியே தயார் செய்து அழைத்து வாருங்கள்.

செருப்பு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று குளியலறைக்கு. துணிக்குப் போடும் கிளிப் ஒரு டஜன். உங்கள் பெயரை எல்லாத் துணியிலும் உள்பக்கம் தைத்துவிடச் சொல்லுங்கள், அம்மாவுக்கு அது ஒரு மணி நேர வேலை. மேசை விளக்கு வேண்டாம், மூன்றாம் மாடியில் வெளிச்சம் தாராளம். மாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. நாற்பத்தொரு படி. பெட்டியைச் சின்னதாகவே கொண்டு வாருங்கள். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத பெட்டி வேண்டவே வேண்டாம்.

பிஸ்கட் நிறைய எடுத்து வாருங்கள். காற்றுப் போகாத டின்னில் வைத்தால் நாற்பது நாளுக்குக் கூட நமத்துப்போகாது.

நான் வருவதற்கு ஒருவேளை தாமதமாகலாம். வீட்டில் சில வேலைகள். எதற்கும் நீங்களே ஒரு பக்கெட் கொண்டு வந்துவிடுங்கள். மக்கும். ஜன்னல் ஓரக் கட்டிலையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மாலையில் வெயில் இதமாக விழும்.

இப்படிக்கு,
ஜ. கட்டில்

*

ஜூன் 19

அன்புள்ள ஜன்னல் கட்டிலுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தவறாக இருந்தால் நீங்களும் கிழித்துவிடுங்கள்.

அலுவலகத் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. 'இக்கட்டடம் சென்ற ஆண்டு ஜூலையில்தான் மாணவியருக்குத் திறக்கப்பட்டது. புதிய சுவர்கள் என்பதால் யாரும் ஆணி அடிக்கக் கூடாது.' நேற்றுத்தான் அதைப் படித்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் படித்து முடித்த உங்கள் அக்காவுக்கு இந்த அறையின் ஜன்னல் கொக்கி எப்படித் தெரியும்? நாற்பத்தொரு படி எப்படித் தெரியும்? என் அலமாரியைத் தூக்கித் திறக்க வேண்டும், உங்களுடையதைத் தூக்க வேண்டாம் என்பது அந்த அறையிலேயே இருந்தவருக்குத்தான் தெரியும். போன வருடம் இருந்தவருக்கு.

உங்கள் இரண்டாவது கடிதத்திலும் பூச்சி உருண்டை வாசனை இருந்தது. ஏதோ ஒரு பெட்டியை இன்னும் முழுதாகத் திறக்காமல், மேலாக இருக்கும் தாளை மட்டும் எடுத்து எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஏன் நோண்டுகிறேன் என்று கேட்கலாம். எனக்கு நேரில் பேச வராததால் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவே பழகிவிட்டது. அத்தை என்னை 'ஊமைக் கோட்டான்' என்பார்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள் இருப்பதாக எழுதினீர்கள். ஆணி அடிக்கக் கூடாத சுவரில் அவற்றை யார் அடித்தார்கள்? வந்த இடத்தில் ஆணி அடிக்கிறவர் அங்கே இருக்க ஆசைப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு என்ன ஆயிற்று?

நீங்கள் ஒரு வருடம் மூத்தவர் என்றால், அக்கா என்று எழுதலாமா?

இப்படிக்கு,
கதவுக் கட்டில்

*

ஜூன் 27

கேள்விக்காரிக்கு,

அறைத்தோழி ஒருத்தி வருவாள் என்றுதான் அலுவலகம் சொன்னது. போலீஸ் வருகிறது என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று, அறையை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குத் தாள் எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டேன். பூச்சி உருண்டை வாசனை அடித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுதவில்லை.

அக்கா என்று கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டேன். எனக்கு அக்காவே கிடையாது.

ஆணிகளை அடித்தது நான்தான், செருப்புக் குதிகாலால். ஒன்று எனக்கு, ஒன்று வரப்போகிற அறைத்தோழிக்கு. அவள் வந்தாள். அவளுடைய பள்ளித்தோழிகள் நான்கு பேர் கீழ் மாடியில் இருந்தார்கள். துண்டைக்கூட அங்கேதான் காயப்போடுவாள். தூங்க மட்டும் மேலே வருவாள். கெட்டவள் இல்லை. என்னிடம் எப்போதும் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். நான் "ஆச்சு" என்பேன்.

நீ இரண்டு தடவை கேட்டுவிட்டாய். சொல்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அவர்களுடையது. இடம் குறித்துக் கொடுக்க மாட்டார்கள். முதல் நாள் தட்டை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். நூற்றைம்பது பேர். ஒரு காலி நாற்காலியில் கை வைத்தேன். "ஆள் வருது," என்றாள் ஒருத்தி. அடுத்த மேசையில் இன்னொன்று. அங்கேயும், "ஆள் வருது." மூன்றாவது நாற்காலியை நான் கேட்கவில்லை. தட்டோடு நேராகக் கழுவும் இடத்துக்குப் போய், சாப்பாட்டைக் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்தேன். மறுநாள் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. பிஸ்கட் டின்னில் நாற்பது நாளுக்கு நமத்துப்போகாது என்று எழுதினேனே, அது அளந்து பார்த்தது.

இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. "ஆள் வருது" என்றால் உண்மையிலேயே ஆள் வந்திருக்கும். ஆனால் எனக்குக் கால் எழவில்லை.

என் அம்மா பள்ளித் தலைமையாசிரியை. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பட்டியல் ஒட்டி அனுப்பினார். மொத்தம் அறுபத்திரண்டு பொருள்கள், நகவெட்டி மட்டும் இரண்டு. அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. நான் அதை முழுதாகப் பிரிக்கவே இல்லை. மேலாக இருந்த நான்கு துணியை வைத்தே ஓட்டினேன். நாற்பத்தோராவது நாள் காலை, பால் வண்டி வரும் பின்வாசல் வழியாக வெளியேறி பஸ் ஏறிவிட்டேன். பெட்டி பிறகு வந்து சேர்ந்தது. எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன். டாக்டர் சான்றிதழ் கூட வாங்கினார்கள். அதனால்தான் என் இடத்தை ரத்து செய்யாமல், இந்த வருடம் முதலிலிருந்து தொடங்கச் சொல்லி, அதே கட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 12 மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும். இரண்டாவது தடவை தர மாட்டார்கள். அம்மா பெட்டியில் புதிய பட்டியல் ஒட்டியிருக்கிறார். அறுபத்தேழு.

நான் வர மாட்டேன் என்று நினைக்கிறேன். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். பக்கெட் வாங்கிக்கொள். சிவப்பு வேண்டாம், அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம், வெள்ளைக் கோடு விழும்.

ஜன்னல் கட்டிலை நீயே எடுத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

*

ஜூலை 1

அன்புள்ள ஜன்னல் கட்டிலுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான், எதற்கும் இருக்கட்டுமே என்று அம்மா ஒரு பச்சை பக்கெட் வாங்கி வந்திருந்தார். கடிதத்தைப் படித்தேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துவிட்டேன். அது இனி வீட்டுப் பக்கெட்.

அப்பா பெட்டியைச் சரிபார்க்கும்போது கேட்டார்.

"பக்கெட் எங்கேம்மா?"

"அவங்க கொண்டு வராங்கப்பா."

"ஒருவேளை வரலைன்னா?"

"வருவாங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

"நான் குளிக்கணுமே."

அப்பா என்னையே பார்த்தார். அத்தை உள்ளேயிருந்து, "குளிக்காத பொண்ணை வெச்சுக்கிட்டு அந்தக் காலேஜ் என்ன பாடுபடப் போகுதோ!" என்றார். எங்கள் வீட்டில் நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் எனக்குக் காது சுட்டது.

நாம் பேசி முடிவு செய்திருக்கிறோம். பக்கெட், மக், கண்ணாடி நீங்கள். அந்த மூன்றும் என்னிடம் இல்லை. வாங்கவும் மாட்டேன். கயிறு, துடைப்பம், பூட்டு என்னிடம் இருக்கின்றன. ஜன்னல் கட்டில் எனக்கு வேண்டாம். அட்டை மட்டும் கொண்டு வருகிறேன்.

உங்களை வற்புறுத்த எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்றாவது நாற்காலியைக் கேட்கவில்லை. நான் முதல் நாற்காலியையே கேட்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் நானும் டின்னிலிருந்துதான் சாப்பிட வேண்டியிருக்கும். அத்தை இரண்டு கிலோ பிஸ்கட் வைத்திருக்கிறார். நோயாளிக்கு ஜீரணமாகும் வகை.

எதைக் கொண்டு வருவது என்று தெரியாவிட்டால், பக்கெட்டை மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கதவுக் கட்டில்

*

ஜூலை 8
அறை எண் 37

அன்புள்ள ஜன்னல் கட்டிலுக்கு,

வந்து நான்காவது நாள். இது உங்கள் கையில் பத்தாம் தேதியாவது கிடைக்க வேண்டும் என்று தபால் பெட்டியைத் திறக்கும் நேரம் கேட்டு வந்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது அத்தனையும் அப்படியே இருக்கிறது. நாற்பத்தொரு படி. நானும் எண்ணினேன். ஜன்னல் படாரென்று அடித்தது. ஆணிகள் இரண்டும் கொஞ்சம் சாய்வாக இருக்கின்றன. வலது ஆணியில் என் துண்டு.

அப்பா பாயோடு வந்தார். வார்டன் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"இது என்னங்க?"

"பாய். துணைக்கு நான் இருக்கேன்."

"துணைக்கெல்லாம் யாரும் தங்கக் கூடாதுங்க. இது ஆஸ்பத்திரி இல்ல."

"அப்போ பிள்ளைக்கு ஏதாவது வேணும்னா?"

"எந்திரிச்சுப் போய் எடுத்துக்கும்."

அப்பா பாயைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லா இருக்கிற பிள்ளைங்கதான், இல்ல?" என்றார். அப்போது வார்டன் சிரித்தார். உங்களுக்கு இது செய்தியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். அவருக்குச் சிரிக்கத் தெரியும்.

ஒரு மணி நேரம் மட்டும் அனுமதி கொடுத்தார். அப்பா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் கட்டிலின் போல்ட்டுகளை முடுக்கினார். என் அலமாரிக் கதவை இறக்கி மாட்டினார், இனித் தூக்க வேண்டியதில்லை. பிறகு உங்கள் கட்டிலுக்குப் போனார். அவங்க இன்னும் வரலையே அப்பா என்றேன். "வர்றவங்களுக்கு ஆடாம இருக்கணும்ல," என்று நான்கு காலையும் முடுக்கிவிட்டு, லீவை ரத்து செய்துகொள்ளலாம் என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். பாயை எடுத்துப்போக மறந்துவிட்டார். மூன்றாவது சாவியை மறக்கவில்லை.

பக்கெட் இல்லை. ஃபிளாஸ்க் மூடியில் பிடித்துப் பிடித்துக் குளிக்கிறேன். நேற்று எழுபத்து மூன்று மூடி. ஏழரைக்குத் தண்ணீர் நூலாகிவிட்டது, சோப்பு முழுதாகப் போகவில்லை. பக்கத்து அறைப் பெண் பார்த்துவிட்டு, "இந்தா, எங்ககிட்ட ரெண்டு பக்கெட் இருக்கு, ஒண்ணு எடுத்துக்கோ," என்றாள். "வேண்டாம், எங்க ரூமுக்கு வருது," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது சாப்பாட்டுக் கூடம். முதல் நாள் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். பிஸ்கட் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் சாப்பிடப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். கையில் ஃபிளாஸ்க் இருந்ததால் வெந்நீர் வாங்க வந்தவள் மாதிரி ஓரமாக நிற்க முடிந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. 'ஆள் வருது' என்று சொல்லும் பெண்களில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தால், வரப்போகிற ஆள் வருவாளா மாட்டாளா என்று அவர்களுக்கே தெரியவில்லை. வாசலையே பார்க்கிறார்கள். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மேலே ஓடி வந்தேன். அறை காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேசையில் உட்கார்ந்தேன். அதில் இரண்டே நாற்காலிகள். எல்லோரும் தண்ணீர் பிடிக்க அங்கே வருவதால், தனியாக உட்கார்ந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு நாற்காலியில் ஃபிளாஸ்க்கை வைத்தேன். ஒருத்தி வந்து, "இங்க யாராவது இருக்காங்களா?" என்றாள். ஃபிளாஸ்க்கைக் காட்டினேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஆள் வருது."

இன்றும் அதையே சொன்னேன். நாளையும் சொல்வேன். பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து மணி வரை சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்.

இப்படிக்கு,
கதவுக் கட்டில்

*

ஜூலை 12, மாலை
(தபால் தலை இல்லை. மேசை மேல் வைக்கிறேன்.)

கேள்விக்காரிக்கு,

எனக்காக நீ கொடுத்து வைத்திருந்த இரண்டாவது சாவியை நீட்டிக்கொண்டே கீழே வார்டன் சொன்னார், நீ காலையிலிருந்து முன்வாசலில் நின்று பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். நான் பின்வாசல் வழியாக வந்தேன். போன வருடம் போன வழி அதுதான், கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. உன்னைத் தேடி முன்வாசலுக்கு வரப் பார்த்தேன். அங்கே ஐம்பது பேர் நிற்கிறார்கள். எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை. நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எழுதி வைத்துக்கொள்.

பக்கெட் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நீல நிறம். மக்கும் கண்ணாடியும் என் துணிகளும் அதற்குள்ளேயே வந்தன. பக்கெட்டில் பிடிக்காத எதையும் நான் கொண்டு வரவில்லை. அம்மா வாசலில் பட்டியலோடு நின்றார். "மீதி அறுபது?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்பதையும். பட்டியலை மடித்தார். பிறகு உள்ளே போய் ஒரு நகவெட்டியைக் கொண்டுவந்து பக்கெட்டில் போட்டார். ஒன்றுதான்.

என் துண்டு இடது ஆணியில். கட்டில் ஆடவில்லை.

ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போகிறேன். தேடாதே. தண்ணீர் டிரம் பக்கத்து மேசை என்றுதானே எழுதினாய்? இப்போது கூட்டம் இருக்காது, கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஃபிளாஸ்க்கை உன் நாற்காலியில் வைத்துவிட்டு எதிரில் உட்காரப் போகிறேன்.

குளித்துவிட்டு வருகிறேன் என்று பக்கெட்டைத் தூக்காதே. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். யாராவது வந்து நாற்காலியைக் கேட்பார்கள். நான் ஆள் வருது என்று சொல்லப் போகிறேன்.

ஓடி வா.